பீவர் தோலும் மன்ஹாட்டன் மண்ணும்

நியூயார்க் நகரில் ஆஸ்டர் பிளேஸ் என்னும் நிலத்தடி இரயில் நிலையம் ஒன்று உண்டு. 1904ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்நிலையத்தின் சுவர்களில் சுட்ட மண்ணாலான சிறு பலகைகள் பதிக்கப்பெற்றிருக்கின்றன. அவற்றில் ஒரு விலங்கு மரத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. பீவர் என்பது அவ்விலங்கின் பெயர். தட்டையான அகன்ற வாலும், உளி போன்ற முன்பற்களும், நீர் புகாத அடர்ந்த மயிரும் உடையது அது. வானளாவும் கட்டடங்கள் நிறைந்த மாநகரின் நிலத்தடியில் காட்டாற்று விலங்கு ஒன்றின் உருவம் இடம்பெறக் காரணம் என்ன? அந்த நிலையத்திற்குப் பெயர் தந்த மனிதர் பீவர் தோல் விற்றுச் செல்வரானார். பின்பு அச்செல்வத்தைக் கொண்டு அந்நகரத்தின் நிலத்தை வாங்கினார். அவரே ஜான் ஜேக்கப் ஆஸ்டர். வெறுங்கையராய் வந்து பெரும் நிலக்கிழாராய் மறைந்த அவருடைய வரலாற்றை இன்று உங்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

மாணவப் பருவத்தில் ஆஸ்டரைப் பற்றி நான் முதன்முதலில் படித்தபோது, ஏழைச் சிறுவன் ஒருவன் உழைப்பால் உயர்ந்த கதையாகவே அது என் மனத்திற் பதிந்தது. ஆண்டுகள் பல சென்றபின் மீண்டும் படித்தேன். அப்பொழுது அக்கதையினுள்ளே ஒரு கேள்வி மறைந்திருப்பதைக் கண்டேன். அக்கேள்வியை உங்கள்முன் வைப்பதே இப்பேச்சின் நோக்கம். அதற்கு முன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மானிய நிலப்பகுதியில், ஹைடல்பர்க் நகரத்துக்கு அருகே வால்டார்ஃப் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1763ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் ஆஸ்டர் பிறந்தார். தந்தை இறைச்சிக் கடைக்காரர், குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. மூத்த சகோதரர்கள் ஒருவர்பின் ஒருவராக ஊரைவிட்டு வெளியேறினர். ஜார்ஜ் என்பவர் இலண்டன் மாநகரில் இசைக்கருவி செய்யும் தொழிலில் அமர்ந்தார். ஹென்றி என்பவர் அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூயார்க்கில் இறைச்சி வணிகம் தொடங்கினார். இளையவரான ஜான் ஜேக்கப் பதினாறு பதினேழு வயதில் இலண்டன் சென்று, தமையனிடம் தொழிலும் ஆங்கில மொழியும் கற்றார்.

1783இல் அமெரிக்க விடுதலைப் போர் முடிவுற்றுச் சமாதான உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அவ்வாண்டின் இறுதியிலேயே இருபது வயது ஆஸ்டர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். விற்பனைக்காக ஏழு புல்லாங்குழல்களை உடன் கொண்டு சென்றார் என்று கூறுவர். கப்பல் செசபீக் விரிகுடாவை அடைந்தபொழுது கடும் பனிக்காலம். நீர் உறைந்து பனிக்கட்டியாகிக் கப்பலை அசையவொட்டாது பிடித்துக்கொண்டது. கரை கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்தும் பயணிகள் வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அக்கப்பலில் வந்த மயிர்த்தோல் வணிகர் ஒருவர், காட்டுக்குடிகளிடம் சிறு பண்டங்களைக் கொடுத்துத் தோல் வாங்குவதையும் அதை இலண்டனில் பன்மடங்கு விலைக்கு விற்பதையும் இளைஞருக்கு விளக்கினாராம். பனியில் சிக்கிய கப்பலே ஆஸ்டருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

1784இன் வசந்த காலத்தில் நியூயார்க் வந்து சேர்ந்த ஆஸ்டர், தோல் வணிகர் ஒருவரிடம் வேலைக்கு அமர்ந்தார். பூச்சி அரிக்காதவாறு தோல்களைத் தட்டி உதறி வைப்பது அவருடைய பணி. அடுத்த ஆண்டு சாரா டாட் என்னும் பெண்மணியை மணந்தார். அவ்வம்மையார் முந்நூறு டாலர் சீதனம் கொண்டு வந்தார். அதனினும் பெரிய செல்வமான கூர்த்த வணிக அறிவையும் கொண்டு வந்தார். தோலின் தரத்தைக் கணித்துச் சொல்வதில் கணவரைக் காட்டிலும் மனைவியே வல்லவர் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். கணவர் காடுகளுக்குள்ளே நெடுந்தொலைவு சென்று தோல் வாங்கி வருவார். மனைவி கடையைப் பார்த்துக்கொள்வார். இவ்வாறு இருவர் உழைப்பினால் அவ்வணிகம் வேரூன்றிற்று.

1794ஆம் ஆண்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் செய்துகொண்ட ஜே உடன்படிக்கை ஆஸ்டருக்குப் புதிய வாயிலைத் திறந்தது. பெரிய ஏரிகளைச் சூழ்ந்த கோட்டைகளிலிருந்து பிரிட்டிஷ் படைகள் விலகின. கனடாவுடன் நேர் வாணிகம் எளிதாயிற்று. 1800ஆம் ஆண்டை ஒட்டி அவருடைய கப்பல் வாணிகம் சீனத்துக் காண்டன் துறைமுகத்தை எட்டியது. தோலைக் கொடுத்துத் தேயிலையும் பட்டும் பீங்கானும் வாங்கினார். 1808இல் அமெரிக்கத் தோல் கம்பெனியை நிறுவினார். 1811இல் பசிபிக் கடற்கரையில் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் அஸ்டோரியா என்னும் வணிகக் குடியிருப்பை அவருடைய ஆட்கள் அமைத்தனர். அடுத்த ஆண்டே பிரிட்டனுடன் போர் மூண்டது. 1813இல் அக்குடியிருப்பு கனடாவின் வடமேற்குக் கம்பெனிக்கு விற்கப்பட்டது.

இவ்வணிகத்தின் மறுபக்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை. தோல் வணிகத்தில் காட்டுக்குடிகளுக்குச் சாராயம் கொடுத்து அவர்களைச் சீரழித்த பழி அமெரிக்கத் தோல் கம்பெனியைச் சார்ந்தது. 1816இல் ஆஸ்டர் துருக்கி நாட்டு அபினைப் பெருமளவில் வாங்கிச் சீனத்துக்கு அனுப்பியதும் உண்மை. சீனப் பேரரசு அபினைத் தடை செய்திருந்த காலம் அது. முதலீடு எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

இனி நிலத்துக்கு வருவோம். ஆஸ்டர் 1789ஆம் ஆண்டிலேயே முதல் மனைகளைத் தமையன் ஹென்றியிடமிருந்து வாங்கினார். தோல் வாணிகத்தின் இலாபம் பெருகப் பெருக, அது மன்ஹாட்டன் தீவின் மண்ணாக மாறிற்று. நியூயார்க் அப்பொழுது தீவின் தென்முனையில் ஒடுங்கிக் கிடந்த சிறு நகரம். 1790ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 33,000. வடக்கே வயல்களும் பாறைக் குன்றுகளும் சதுப்பு நிலங்களுமே இருந்தன. அங்குதான் ஆஸ்டர் நிலம் வாங்கினார்.

அவருடைய கணக்கை விளக்க ஒரு கதை வழங்குகிறது. நகரின் நடுவே, வால் தெருவை அடுத்த மனை ஒன்றை அவர் 8,000 டாலருக்கு விற்றாராம். வாங்கியவர், “சில ஆண்டுகளில் இது 12,000 டாலர் பெறுமே, ஏன் விற்கிறீர்கள்?” என்று ஏளனமாய்க் கேட்டார். ஆஸ்டரோ, அந்த 8,000 டாலரைக் கொண்டு கெனால் தெருவுக்கு வடக்கே எண்பது மனைகள் வாங்கப்போவதாகவும், இந்த மனை 12,000 டாலர் பெறும் காலத்தில் அந்த எண்பது மனைகளும் 80,000 டாலர் பெறும் என்றும் அமைதியாக விடை தந்தாராம். கதை உண்மையோ புனைவோ, அவருடைய முறையை அது சரியாகவே காட்டுகிறது. நகரம் இருக்குமிடத்தில் அவர் வாங்கவில்லை. நகரம் வரவிருக்கும் இடத்தில் வாங்கிவிட்டுக் காத்திருந்தார்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுகிறேன். 1803ஆம் ஆண்டில் எழுபது ஏக்கர் பண்ணை ஒன்றை ஆஸ்டர் வாங்கினார். பிராட்வே சாலைக்கு மேற்கே, ஹட்ஸன் ஆறு வரையில், இன்றைய 42ஆம் தெருவுக்கும் 46ஆம் தெருவுக்கும் இடையே பரந்திருந்தது அது. இன்று உலகெங்கும் பெயர் பெற்ற டைம்ஸ் சதுக்கம் அப்பண்ணையின் ஓரத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது.

மற்றொன்று ரிச்மண்ட் ஹில். இது ஒரு குன்றும் அதன்மேல் அமைந்த மாளிகையும் ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் துணைத் தலைவராயிருந்த ஆரன் பர் அங்கு வாழ்ந்தார். கடனில் மூழ்கியிருந்த அவர், 1804இல் அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றபின் நகரைவிட்டே ஓட நேர்ந்தது. அந்நிலம் டிரினிட்டி திருச்சபைக்குச் சொந்தமானது. பர் பெற்றிருந்த நீண்டகாலக் குத்தகை உரிமை ஆஸ்டரின் கைக்கு வந்தது. ஆஸ்டர் அதை இருநூற்றுக்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்தார். குன்று வெட்டிச் சமன் செய்யப்பட்டது, தெருக்கள் போடப்பட்டன. மாளிகையை இடிக்கவும் இல்லை. உருளைக் கட்டைகளின்மேல் ஏற்றிக் குன்றின் அடிவாரத்திற்கு நகர்த்திவிட்டனர்! பின்னர் அது நாடக அரங்காயிற்று. அங்கு எழுந்த செங்கல் வீடுகளின் வரிசைகளில் சில இன்றும் பாதுகாக்கப்பட்டு நிற்கின்றன.

ஆஸ்டர் நிலத்தை ஆண்ட முறை கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் வாங்கியும் விற்றும் வந்த அவர், பிற்காலத்தில் பெரும்பாலும் விற்பதை விடுத்துக் குத்தகைக்கு விட்டார். குத்தகைக் காலம் பொதுவாக 21 ஆண்டுகள். குத்தகைதாரர் ஆண்டுதோறும் நிலவாடகை செலுத்த வேண்டும். மனைக்குரிய வரிச்சுமையையும் ஏற்கவேண்டும். வீடோ கடையோ தம் செலவிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். தவணை முடிந்தால் நிலம் ஆஸ்டர் குடும்பத்துக்கே மீளும். தொடர்ந்து இருக்க விரும்புவோர், அன்றைய உயர்ந்த மதிப்பின்படி புதிய வாடகைக்கு உடன்பட வேண்டும். நிலத்தின் உடையவர் செங்கல் ஒன்றும் அடுக்காமலே, தம் நிலத்தின்மேல் ஒரு நகரம் எழுவதைக் காணலாம். 1837ஆம் ஆண்டில் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டுப் பலர் கடன் கட்ட இயலாது தவித்தபொழுது, கையில் ரொக்கம் வைத்திருந்த ஆஸ்டர் மேலும் பல மனைகளைக் குறைந்த விலையில் சேர்த்துக்கொண்டார்.

அவரே முன்னின்று கட்டியதும் உண்டு. பிராட்வேயில் தாம் குடியிருந்த வீட்டையும் அதனையடுத்த வீடுகளையும் வாங்கி இடித்துவிட்டு, பெரியதோர் ஓட்டலை எழுப்பினார். ஏறத்தாழ முந்நூறு அறைகள் கொண்ட அந்த ஆஸ்டர் ஹவுஸ் 1836இல் திறக்கப்பட்டு, அந்நாளில் நாட்டின் தலைசிறந்த ஓட்டலாகப் புகழ்பெற்றது. ஐரோப்பாவில் பட்டுத் தொப்பி பரவிவருவதைக் கண்டு, பீவர் தொப்பியின் காலம் முடிந்தது என்று உணர்ந்து, அதற்கு முன்னரே 1834இல் அவர் தோல் வாணிகத்திலிருந்து விலகியிருந்தார்.

1848ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள், 84ஆம் வயதில் ஆஸ்டர் காலமானார். அவர் விட்டுச்சென்ற சொத்து இரண்டு கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அன்றைய அமெரிக்காவில் அவருக்கு நிகரான செல்வர் ஒருவரும் இல்லை. மீண்டும் பிறந்தால் மன்ஹாட்டன் தீவின் மண்ணில் ஓர் அடிகூட விடாமல் வாங்குவேன் என்று முதுமையில் அவர் சொன்னதாகவும் கூறுவர்.

நான் முன்னர்க் குறிப்பிட்ட கேள்வி இங்கேதான் எழுகிறது. ஆஸ்டரின் உயில் வெளியானதும், நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையில் ஜேம்ஸ் கார்டன் பென்னட் என்னும் ஆசிரியர் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அவரும் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவரே. ஆஸ்டரின் சொத்தில் பாதி நியூயார்க் மக்களுக்கு உரியது என்பது அவருடைய வாதம். ஏனெனில் அந்நிலங்களின் மதிப்பை உயர்த்தியது மக்களின் அறிவும் உழைப்புமே என்றார் அவர்.

இவ்வாதத்தைச் சற்று ஆராய்வோம். நிலத்தின் விலை ஏன் உயர்ந்தது? 1811ஆம் ஆண்டில் நகர ஆணையாளர்கள் தீவின் பெரும்பகுதிக்கு 12 நெடுஞ்சாலைகளையும் 155 குறுக்குத் தெருக்களையும் கொண்ட நகரமைப்புத் திட்டம் ஒன்றை வகுத்தனர். வயலாய்க் கிடந்த இடங்களெல்லாம் ஒரே நாளில் வருங்கால வீட்டு மனைகளாயின. 1825இல் 363 மைல் நீளமுள்ள ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. உள்நாட்டுத் தானியமெல்லாம் நியூயார்க் துறைமுகத்தை நாடி வந்தது. அக்கால்வாய் மாநில அரசின் பணத்தாலும் பல்லாயிரம் கூலியாட்களின் உழைப்பாலும் வெட்டப்பட்டது. 1842இல் குரோட்டன் கால்வாய் வழியே நல்ல குடிநீர் நகருக்குள் வந்தது. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஏழை மக்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கினர். 1850ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அறுபது ஆண்டுகளில் பதினைந்து மடங்கு! இவற்றுள் எதுவும் தனியொருவர் ஆக்கியதன்று. ஆயினும் இவை அனைத்தும் ஆஸ்டரின் மனைகளின் விலையில் வந்து சேர்ந்தன.

மறுதரப்பையும் கேட்பதே நியாயம். அதே தீவில், அதே காலத்தில், அதே நிலங்களை வாங்கப் பலருக்கு வாய்ப்பிருந்தது. சிலர் கடன் வாங்கி வாங்கினர். நெருக்கடி வந்தபோது இழந்தனர். சிலர் அவசரப்பட்டு விற்றனர். ஆஸ்டர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிப் பொறுமையோடு காத்தார். முன்னறிவும் பொறுமையும் கூலி பெறத் தக்கவையே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கூலியின் அளவு என்ன? காத்திருந்தவருக்கு எவ்வளவு, கால்வாய் வெட்டியவருக்கு எவ்வளவு? பென்னட் எழுப்பிய கேள்வி இதுவே.

அக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 21 ஆண்டுக் குத்தகையில் மனை எடுத்தவர் அத்தவணைக்குள் போட்ட பணத்தை மீட்க வேண்டும். தவணைக்குப்பின் கட்டடம் என்ன ஆனாலும் அவருக்குக் கவலை இல்லை. ஆதலின் மலிவாகக் கட்டி, இயன்றவரை மக்களை நெருக்கி அடைத்தார். ஆஸ்டரின் மகன் வில்லியம் காலத்தில் அக்குடும்பத்தின் நிலங்கள் பலவற்றில் காற்றும் வெளிச்சமும் அரிதான அடுக்குக் குடியிருப்புகள் பெருகின. வாழ்ந்த ஏழை ஒருவர், கட்டியவர் வேறொருவர், நிலம் மூன்றாமவருடையது. குறை கேட்க வந்தால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டினர். 1867ஆம் ஆண்டிலும், பின்பு இன்னும் கண்டிப்பாக 1901ஆம் ஆண்டிலும், இத்தகைய குடியிருப்புகளைச் சீர்செய்யச் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. நிலத்தின் விலையேற்றம் சமுதாயத்தின் உடைமை, அதன்மீதே வரி விதிக்க வேண்டும் என்று 1879இல் நூலெழுதிய ஹென்றி ஜார்ஜ், 1886இல் நியூயார்க் நகரத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். வெற்றி பெறவில்லையாயினும், பின்னாளில் நாட்டின் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி, இரண்டாம் இடத்தில் நின்றார்.

ஆஸ்டர் நகரத்துக்கு ஒன்றும் தரவில்லையா எனில், தந்தார். தம் நண்பரும் நூலறிஞருமான ஜோசப் காக்ஸ்வெல்லின் தூண்டுதலால், பொதுமக்களுக்கான நூலகம் ஒன்றுக்கு 4,00,000 டாலர் எழுதி வைத்தார். பிறந்த ஊரை மறவாது, வால்டார்ஃப் ஏழைகளுக்காக 50,000 டாலர் ஒதுக்கினார். அதனால் எழுந்த இல்லம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நூலகத்துக்குத் தந்தது மொத்தச் சொத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு. 1854இல் திறக்கப்பட்ட ஆஸ்டர் நூலகம் மாலையிலேயே மூடப்பட்டமையால், பகலெல்லாம் உழைப்பவர் அதனுள் நுழைய இயலவில்லை என்ற குறையும் எழுந்தது. எனினும் நல்ல விதை வீண்போவதில்லை. 1895இல் அது வேறு இரு அறநிதிகளுடன் இணைந்து நியூயார்க் பொது நூலகமாயிற்று. அதன் பளிங்குக் கட்டடம் 1911இல் ஐந்தாம் நெடுஞ்சாலையில் திறக்கப்பட்டது. அதன் வாயிலில் வீற்றிருக்கும் இரண்டு கற்சிங்கங்களுள் ஒன்றை ஆரம்பத்தில் ஆஸ்டரின் பெயராலேயே மக்கள் அழைத்தனர். இன்று அங்கு யாரும் கட்டணமின்றிப் புகுந்து படிக்கலாம்.

மனிதரின் பெயர் எங்கே நிலைக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு உண்டாகிறது. ஆஸ்டர் ஹவுஸ் ஓட்டல் இடிபட்டுப் போயிற்று. அவருடைய கொள்ளுப்பேரர்கள் கட்டிய வால்டார்ஃப், அஸ்டோரியா என்னும் இரட்டை ஓட்டல்கள் நின்ற இடத்தில், 1931இல் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்தது. நிலங்கள் பலவும் கைமாறிவிட்டன. ஆனால் நூற்றில் இரண்டு பங்காகத் தந்த நூலகக் கொடை, இன்றும் ஆயிரக்கணக்கானோருக்கு அறிவூட்டி வருகிறது.

மாணவ நண்பர்களே! ஏழு புல்லாங்குழலோடு வந்த இளைஞரின் துணிவை நான் இன்றும் மதிக்கிறேன். அயல்நாட்டு மொழியைக் கற்று, பனியிலும் காட்டிலும் அலைந்து, மனைவியின் அறிவுக்குச் செவிசாய்த்து உயர்ந்த அவ்வாழ்விலிருந்து நீங்கள் கற்க வேண்டியவை பல. அவற்றோடு மற்றொன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். வளர்ந்துவரும் எந்த நகரத்திலும், ஒரு மனையின் விலை பத்து மடங்கு ஏறிவிட்டது என்ற செய்தி உங்கள் காதில் விழும்பொழுது, வாங்கியவரின் சாமர்த்தியத்தை மட்டும் வியந்து நின்றுவிடாதீர்கள். அங்கே சாலை போட்டவர் யார், நீர் கொண்டு வந்தவர் யார், அம்மனையைச் சுற்றிக் குடியேறி உழைத்தவர் யார் என்றும் கேளுங்கள். அவர்களுக்கு உரிய பங்கு எவ்வழியில் சென்று சேர்கிறது என்றும் கேளுங்கள். 1848இல் ஒரு பத்திரிகையாளர் எழுப்பிய கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைத்தபாடில்லை. அதைத் தேடும் பொறுப்பு உங்கள் தலைமுறையைச் சார்ந்தது.